ஏ-40 உம் அக்குவாவும்: மண்ணெண்ணெயில் ஓடியது ஏன்?

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40 கார்களை இன்றும் காணலாம். அதே தெருக்களில் ரொயோட்டா அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களும் ஓடுகின்றன. இவற்றில் எது அழகு என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காமல் போனபோது ஏ-40 மண்ணெண்ணெயில் ஓடியது. அக்குவாவால் அது முடியாது. காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது.

ஏ-40 சொமர்செற் 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் தயாரானது. 1200 சி.சி. எஞ்சின். அதன் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7.2 இற்கு 1, அதாவது உள்ளே போகும் காற்று எரிபொருள் கலவை ஏழு மடங்குக்குச் சற்று மேலாகவே அமுக்கப்படும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு பெற்றோலை விட மிகக் குறைவு. கூட அமுக்கினால் சுவாலை போய்ச் சேரமுன்னரே தானாகப் பற்றி எஞ்சினை அடிக்கும். 7.2 இலும் அடிக்கத்தான் செய்யும், ஆனால் மெதுவாக ஓடினால் சமாளிக்கலாம். குடாநாட்டில் மலையேற்றம் இல்லாததும் நல்லதாகப் போயிற்று.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் முதலில் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பற்றரியும் தடைப்பட்டிருந்த காலம் அது. முன்பக்கத்தில் கம்பியை விட்டுச் சுற்றியே எஞ்சினை எழுப்ப முடிந்தது. எங்கள் பெரியப்பா அப்படித்தான் பிள்ளைப்பேற்றுக்கு அயலவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார் என்று அம்மா சொல்வார்.

இதற்கு எஞ்சின் விலை கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். புகையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, அந்த மணத்தை மறக்காதவர்கள் நிறையப் பேர். அந்த எஞ்சின்களை ஓட வைத்த பெருமையில் பாதி எங்கள் மெக்கானிக்மாருக்குரியது.

2011 இன் இறுதியில் யப்பானில் அறிமுகமான அக்குவாவின் எஞ்சின் 1496 சி.சி., அமுக்க விகிதம் 13.4 இற்கு 1. இதற்கு மண்ணெண்ணெய் விட்டால் இன்ஜெக்ரர், புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி, உணரிகள் எல்லாம் பாதிக்கப்படும். சாதாரண ஸ்ரார்ட்டர் மோட்டாரும் இதில் இல்லை. ஹைபிரிட் பற்றரியின் மின்சாரமே எஞ்சினை எழுப்புகிறது. அந்தப் பற்றரி செத்தால், தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தாலும் கார் அசையாது.

ஆனால் தட்டுப்பாடு என்றால் பழையதுதான் வெல்லும் என்று எண்ணிவிட வேண்டாம். 2022 இல் கியூஆர் முறையில் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிட்டபோது, அந்த அளவில் கூடத் தூரம் போனது ஹைபிரிட்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை அது பற்றரியில் சேமிக்கிறது. பெற்றோல் அடியோடு இல்லாத நிலைமை வேறு, அளந்து கொடுக்கும் நிலைமை வேறு.

பாதுகாப்பில் இரண்டையும் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஏ-40 நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக்கோடு வந்தது. ஆசனப் பட்டியோ காற்றுப்பையோ இல்லை. மோதினால் ஸ்ரியறிங் தண்டு நேரே ஓட்டுநரின் நெஞ்சுக்கு வரும். பிள்ளைகளோடு ஏ-9 வீதியால் வவுனியாவுக்குப் போவதென்றால் நான் அக்குவாவைத்தான் எடுப்பேன். ஏ-40 ஐ ஊருக்குள் ஓட்டுபவர்கள் குறைந்தது ஆசனப் பட்டியாவது பொருத்திக்கொள்ளலாம்.