வாரம் 100 மைல்: ஒரு ஷூ தொழிலாளியும் அவருடைய பையன்களும்

1960 செப்டம்பர் 2. ரோம் ஒலிம்பிக்ஸ். சாயங்காலம் 800 மீட்டர் இறுதிப் போட்டி. உலக சாதனையாளரான பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸ் கடைசி நூறு மீட்டரில் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார். ஜெயித்தாகிவிட்டது என்ற நினைப்பில் வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறார். இடது பக்கமாக, உள்கோட்டை ஒட்டி, கறுப்பு உடையில் ஒரு பையன் வந்துவிட்டான். பெயர் பீட்டர் ஸ்னெல், வயது 21, ஊர் நியூசிலாந்து. நேரம் 1 நிமிடம் 46.3 விநாடி. தான் ஜெயித்தது ஸ்னெல்லுக்கே உடனே தெரியவில்லை. யார் ஜெயித்தது என்று மோன்ஸிடம் கேட்க, நீதான் என்று மோன்ஸ் சொல்ல வேண்டியிருந்தது!

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதே மைதானத்தில் 5000 மீட்டர் இறுதிப் போட்டி. மூன்று சுற்று மிச்சம் இருக்கும்போது மெலிந்த உடம்பும் சூம்பிய இடது கையும் கொண்ட ஒருவர் கூட்டத்தை விட்டு வெடித்துக் கிளம்பினார். அந்த இடத்தில் யாரும் அப்படி ஓட மாட்டார்கள். மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. கடைசிச் சுற்றில் தள்ளாடிக்கொண்டே வந்து, கோட்டைத் தாண்டியதும் புல்லில் விழுந்தார். முர்ரே ஹால்பர்க், பள்ளி ஆசிரியர். அவரும் நியூசிலாந்துதான். இன்னும் சரியாகச் சொன்னால், இரண்டு பேருமே ஆக்லாந்து நகரத்தில் ஒரே ஆளிடம் பயிற்சி பெற்றவர்கள். எட்டு நாள் கழித்து அதே ஆளிடம் பயின்ற பாரி மகீ, மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். அந்த மாரத்தானில் வெறுங்காலோடு ஓடி ஜெயித்த எத்தியோப்பியாவின் அபெபே பிகிலாவைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. மகீயை யாருக்கும் தெரியாது. அதே டிசம்பரில் ஜப்பானின் ஃபுகுவோகா மாரத்தானில் மகீ முதலாவதாக வந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

800 மீட்டர், 5000 மீட்டர், மாரத்தான். மூன்றும் மூன்று வேறு வேலைகள். மூன்றிலும் பதக்கம் வாங்கியவர்களைத் தயார் செய்தது ஒரே ஆள், ஒரே முறை. அந்த ஆள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் உடலியல் படித்தவர் இல்லை. ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், விடியற்காலையில் வீடு வீடாகப் பால் போட்டவர். நியூசிலாந்து அணியின் அதிகாரபூர்வமான பயிற்சியாளர் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை. வேண்டியவர்கள் பணம் திரட்டிக் கொடுத்துத்தான் ரோமுக்கே போனார். அவர்தான் ஆர்தர் லிடியார்ட்.

கதை தொடங்குவது 1945 வாக்கில். 1917-இல் ஆக்லாந்தில் பிறந்த லிடியார்ட், ரக்பி ஆடிக்கொண்டு, தன் உடம்பு நல்ல நிலையில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார். ஓட்டக் கழகத்தைச் சேர்ந்த ஜாக் டோலன் என்ற பெரியவர் அவரை ஐந்து மைல் ஓட்டத்துக்கு அழைத்துப் போனார். டோலன் சாவகாசமாக ஓடினார். லிடியார்டுக்கு நெஞ்சு வெடிப்பது போல் இருந்தது. இருபத்தேழு வயதிலேயே இப்படி என்றால் நாற்பத்தேழில் என்ன கதி என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு ஒலிம்பிக் புரட்சி இப்படி மூச்சு வாங்கியதில் ஆரம்பித்திருக்கிறது என்பது வேடிக்கைதான்.

அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். தன் உடம்பையே சோதனைச்சாலையாக்கினார். ஒரு வாரம் குறைவாக ஓடுவார், ஒரு வாரம் அளவுக்கு மீறி ஓடுவார். சில வாரங்களில் 250 மைல் வரை, அதாவது 400 கிலோமீட்டர்! என்ன ஆகிறது என்று கவனிப்பார். இது ஏதோ ஆறு மாத விளையாட்டு இல்லை, ஒன்பது பத்து வருடம் நடந்தது. இடையில் குடும்பம், பிள்ளைகள், வேலை எல்லாம் உண்டு. கடைசியில் அவர் வந்து நின்ற கணக்குதான் வாரம் 100 மைல், சுமார் 160 கிலோமீட்டர். அதற்குக் கீழே போனால் அடித்தளம் போதவில்லை, வேகமாகவே அதற்கு மேல் போனால் உடம்பு உடைந்துபோகிறது. இந்த முறையில் அவரே 1953-லும் 1955-லும் நியூசிலாந்து மாரத்தான் சாம்பியன் ஆனார். 1950-இல் ஆக்லாந்தில் நடந்த எம்பயர் விளையாட்டுப் போட்டியிலும் மாரத்தான் ஓடினார். பதக்கம் இல்லை.

அந்தக் காலத்தில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு கிறுக்குத்தனமாகப் பட்டிருக்கும் என்று புரியும். ஐரோப்பாவில் அப்போது இடைவெளிப் பயிற்சிதான் ராஜா. 200 மீட்டர் அல்லது 400 மீட்டர் வேகமாக ஓடுவது, கொஞ்சம் மெதுவோட்டம், திரும்ப வேகமாக ஓடுவது என்று மைதானத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார்கள். ஜெர்மனியில் வால்டெமர் கெர்ஷ்லர் இதை இதயத் துடிப்பு கணக்கோடு அறிவியல் மாதிரி செய்தார். அவருடைய மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் 800 மீட்டரில் படைத்த 1:46.6 என்ற சாதனை 16 வருடம் நின்றது. செக் நாட்டின் எமில் ஸாடோபெக் இதையே பயங்கரமான எண்ணிக்கையில் செய்து 1952 ஹெல்சிங்கியில் 5000, 10000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். ஆக, இடைவெளிப் பயிற்சி தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது. லிடியார்டும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எப்போது செய்வது என்பதில்தான் தகராறு.

அவருடைய கணக்கு இப்படிப் போனது. ஒரு ஓட்டக்காரனின் அடிப்படை வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது, அது பிறவியிலேயே வருவது. கூட்டக்கூடியது, அந்த வேகத்தை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறான் என்பதைத்தான். அதற்கு உடம்பு பிராணவாயுவை நிறைய எடுத்து, நிறைய செலவழிக்கப் பழக வேண்டும். மாதக்கணக்கில், பேச முடிகிற ஆனால் சோம்பேறித்தனம் இல்லாத வேகத்தில், நீண்ட தூரம் ஓட வேண்டும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடும், தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும். இது அஸ்திவாரம். அது ஆன பிறகு சில வாரம் மலைச் சரிவுகளில் துள்ளித் துள்ளி ஏறும் பயிற்சி, கால்களுக்கு வலு சேர்க்க. அதற்குப் பிறகுதான் மைதானத்துக்குள் மூச்சு முட்டும் வேகப் பயிற்சி, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். கடைசியில் பளபளப்பு ஏற்றி, பந்தயம் நெருங்கும்போது குறைத்துவிட வேண்டும். எல்லாம் பெரிய போட்டி நாளில் உச்சத்துக்கு வரும்படி, நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருவார். இந்த உச்சம் பிடிக்கும் வித்தைதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு. 100 மைல் என்ற எண்தான் பிரபலமாகிவிட்டது, பாவம்.

இன்னொரு தவறான புரிதலும் உண்டு. நீண்ட தூரம் மெதுவாக ஓடுவதுதான் லிடியார்ட் முறை என்று பலர் இன்றும் எழுதுகிறார்கள். அவருடைய பையன்கள் மெதுவாக ஓடியவர்கள் இல்லை. மூச்சுக்கடன் வராத எல்லைக்குள் எவ்வளவு நன்றாக ஓட முடியுமோ அவ்வளவு நன்றாக ஓடினார்கள்.

முதல் சீடன் அதே ஷூ தொழிற்சாலையில் கூட வேலை செய்த லாரி கிங். அவர் ஜெயிக்க ஆரம்பித்ததும் அக்கம்பக்கத்துப் பையன்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். உலகமெல்லாம் தேடிப் பொறுக்கிய திறமைசாலிகள் இல்லை, கிட்டத்தட்ட ஒரே வட்டாரத்துக்காரர்கள். ஹால்பர்க் ரக்பி ஆடும்போது அடிபட்டு இடது கை செயலிழந்தவர். அந்தக் கையால் செய்ய வேண்டிய வேலைகளையெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் 1500 மீட்டரில் பதினோராவது. 1958-இல் டப்ளினில் ஒரு மைலை 3:57.5-இல் ஓடினார். அதே ஆண்டு கார்டிஃபில் மூன்று மைல் தங்கம். பிறகு ரோம். இப்படி வருடத்துக்கு வருடம் படி ஏறி வந்தவர்.

ஸ்னெல் கதை வேறு. டென்னிஸ், ரக்பி, கிரிக்கெட் என்று எல்லாம் ஆடிய, நல்ல உடற்கட்டு உள்ள பையன். 800 மீட்டர்காரன். அவனையும் லிடியார்ட் மாரத்தான்காரர்களோடு ஞாயிற்றுக்கிழமை வயடாருவா சுற்றுக்கு அனுப்பினார். ஆக்லாந்தின் மேற்கே வைட்டாகெரே மலைத்தொடரில் ஏறி இறங்கும் 22 மைல் பாதை அது, 35 கிலோமீட்டர்! இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஒரு பந்தயத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மலையில் ஓட வேண்டும் என்றால் யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்? ஆரம்பத்தில் அந்தச் சுற்றை முடிப்பதே ஸ்னெல்லுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஆனால் ரோமில் நடந்ததைப் பாருங்கள். 800 மீட்டருக்கு மூன்று நாளில் நான்கு சுற்றுப் போட்டிகள், முதல் நாளே இரண்டு. மற்றவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் தேய்ந்துகொண்டே வந்தார்கள். ஸ்னெல் இறுதிப் போட்டியில்தான் தன் வாழ்நாளின் சிறந்த நேரத்தை ஓடினார். மலை ஓட்டம் எதற்கு என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

இவர்கள் எல்லோரும் அமெச்சூர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அமெச்சூர் என்றால் இன்று கொஞ்சம் மட்டம் என்ற தொனி வந்துவிட்டது. அன்றைக்கு அது சட்டம். ஓடிப் பணம் வாங்கினால் ஒலிம்பிக்ஸ் கதவு மூடிவிடும். 1945-இல் ஒரு மைலில் 4:01.3 என்று உலக சாதனை படைத்த ஸ்வீடனின் குண்டர் ஹேக், பணம் வாங்கியதற்காகவே வெளியேற்றப்பட்டார். ஆக, ஹால்பர்க் வகுப்பெடுத்துவிட்டு ஓடினார், ஸ்னெல் கட்டட அளவைக் கணக்கு அலுவலகத்தில் வேலை கற்றுக்கொண்டே ஓடினார். பயிற்சிக்குக் கிடைத்தது வேலைக்கு முன்னும் பின்னும் உள்ள நேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான். தார் ரோடும் மலைப்பாதையும் இலவசம். லிடியார்ட் முறை அப்படி வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். மைதானமும் மருத்துவரும் ஆய்வகமும் இருந்தவர்கள் இடைவெளிப் பயிற்சிக்குப் போனார்கள், வீட்டு வாசலைத் தவிர ஒன்றும் இல்லாதவர்கள் வாசலைத் தாண்டி ஓடினார்கள்.

ரோம் ஒரு அதிர்ஷ்டம் என்று முணுமுணுத்தவர்களுக்கு 1962 தொடக்கத்தில் பதில் கிடைத்தது. 1961 டிசம்பரில் ஸ்னெல் ஒரு முழு மாரத்தானே ஓடினார், 2 மணி 41 நிமிடம். சில வாரம் கழித்து, ஜனவரி 27 அன்று, வாங்கனுய் ஊரின் புல்தரையில் ஒரு மைல் 3:54.4. ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட் வைத்திருந்த உலக சாதனை பத்தில் ஒரு விநாடியில் உடைந்தது. ஒரே வாரம் கழித்து, பிப்ரவரி 3 அன்று, கிறைஸ்ட்சர்ச்சில் 800 மீட்டர் 1:44.3. மோன்ஸின் 1:45.7-ஐ விட 1.4 விநாடி குறைவு. 800 மீட்டரில் அது ஒரு யுகம். அதுவும் புல்தரையில்! நியூசிலாந்து தேசிய சாதனையாக அந்த நேரம் 2024 வரை, 62 வருடம் நின்றது. 1964 டோக்கியோவில் ஸ்னெல் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கினார்.

இதற்குள் ஆக்லாந்தில் இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. சாம்பியன்களுக்கு நல்லதென்றால் தொந்தி வைத்த வியாபாரிகளுக்கும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும் என்று லிடியார்ட் பேச ஆரம்பித்தார். மாரடைப்பு வந்தவர்களைப் படுக்கையில் கிடக்கச் சொன்ன காலம் அது. அவர்களையும் மெதுவாக ஓடவைத்தார். 1962-இல் ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் உருவானது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன் விருந்தாளியாக வந்தார். அவருடைய மாணவர்கள் நியூசிலாந்தின் நால்வர் மைல் தொடரோட்ட சாதனையை அப்போதுதான் முறியடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு லிடியார்ட் கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டிய பவர்மேன் கொஞ்ச தூரத்திலேயே திணறிப்போனார். எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்பு கண்ட ஒரு கிழவர், பாவமென்று அவருக்காக வேகத்தைக் குறைத்துப் பேசிக்கொண்டே கூட ஓடினாராம். ஊர் திரும்பிய பவர்மேன் யூஜீன் நகரத்தில் பொதுமக்களை ஓடவைத்தார். 1967-இல் அவர் ஒரு இதய மருத்துவரோடு சேர்ந்து எழுதிய ஜாகிங் பற்றிய புத்தகம் அமெரிக்காவெங்கும் விற்றது. இதே பவர்மேன்தான் 1964-இல் ஃபில் நைட்டோடு சேர்ந்து, பின்னாளில் நைக்கி ஆன கம்பெனியைத் தொடங்கியவர்.

லிடியார்டுக்குச் சொந்த நாட்டில் சங்கத்து அதிகாரிகளோடு ஒத்துப்போகவே இல்லை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவர். அறுபதுகளின் பிற்பகுதியில் மெக்சிகோ போனார், பிறகு ஃபின்லாந்து. பழைய பெருமையை இழந்து கிடந்த ஃபின்லாந்தில் முதலில் அவரைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். 1972 மியூனிக்கில் லாசே விரென் 5000, 10000 இரண்டிலும், பெக்கா வசாலா 1500-லும் தங்கம் வாங்கியபோது, அதில் லிடியார்டின் பங்கை ஃபின்லாந்துக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு கேள்வி மட்டும் நீண்ட நாள் பாக்கி இருந்தது. 22 மைல் ஓட்டம் 800 மீட்டர்காரனுக்கு ஏன் உதவுகிறது? அதற்குப் பதில் தேடியவர் ஸ்னெல்லேதான். 1965-இல் ஓட்டத்தை விட்டு, முப்பது வயதுக்கு மேல் அமெரிக்கா போய் மாணவனாக உட்கார்ந்து, உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம் வாங்கி, டாலஸில் ஆராய்ச்சியாளர் ஆனார். அவர் தந்த விளக்கம் இதுதான்: நீண்ட ஓட்டத்தில் மெதுவாக இயங்கும் தசைநார்களின் கிளைகோஜன் தீர்ந்துகொண்டே வரும். அப்போது உடம்பு வேறு வழியில்லாமல் வேகத் தசைநார்களை வேலைக்கு இழுக்கும். மெதுவாக ஓடும்போதே வேகத் தசைகள் தாக்குப்பிடிக்கப் பழகிக்கொள்கின்றன. வயடாருவா சுற்றின் கடைசி சில மைல்கள் அப்படி உயிரை வாங்கியதற்குக் காரணமும் அதுதான்.

லிடியார்ட் 2004 டிசம்பரில், 87 வயதில், அமெரிக்காவில் பேச்சுப் பயணத்தில் இருந்தபோது டெக்சஸில் இறந்தார். ஸ்னெல் 2019-இல் டாலஸ் வீட்டில். ஹால்பர்க் 2022-இல். ரோமுக்குப் பிறகு உடல் ஊனமுற்ற குழந்தைகளின் விளையாட்டுக்காக ஹால்பர்க் தொடங்கிய அறக்கட்டளை நியூசிலாந்தில் இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.