இரண்டு இரண்டு பேராக

தொண்ணூறுகளில் நாங்கள் நந்தனத்தில் குடியிருந்தோம். அம்மா வீட்டைவிட்டு வெளியே போவதற்கு மூன்று காரணங்கள்தான் செல்லுபடியாகும்: ரேஷன் கடை, பூசை, சேனை வேலை. முதல் இரண்டுக்கும் அப்பாவிடம் நேரக் கணக்கு இருந்தது. மூன்றாவதற்கு மட்டும் அவர் கணக்குக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மாடிவீட்டு டீச்சரம்மா வாசலில் வந்து நிற்பார். இருவரும் ஜெபமாலையும் சில மாதா படங்களும் எடுத்துக்கொண்டு சைதாப்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ, அடையாற்றங்கரைக் குடிசைகளுக்கோ போவார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவார்கள். தனியாக சினிமாவுக்குப் போக முடியாத அம்மாவால், தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்ட முடிந்தது.

அந்த அனுமதி எங்கிருந்து வந்தது என்று பல வருடங்கள் கழித்துத்தான் தேடினேன்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் ‘மரியாயின் சேனை’ என்று அழைக்கப்படும் அமைப்பு 1921 செப்டம்பர் 7 அன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொடங்கியது. பிரான்சிஸ் தெருவிலிருந்த மைரா ஹவுஸ் என்ற வீட்டில் அன்று கூடியவர்களில் ஒரு பாதிரியாரையும் பிராங்க் டஃப் என்ற 32 வயது அரசு ஊழியரையும் தவிர மற்றவர்கள் பெண்கள். நிறுவனர் என்று வரலாறு சொல்வது பிராங்க் டஃப்பை. முதல் தலைவராக இருந்தவர் எலிசபெத் கிர்வன் என்ற பெண். ஏழைகளின் வீடுகளைச் சந்தித்துவந்த வின்சென்ட் தே பால் சபை அந்நாளில் அங்கே ஆண்களுக்கானதாக இருந்தது. இந்தப் பெண்கள் ஏழைகளுக்கான மருத்துவமனையில் பெண் நோயாளிகளைப் பார்ப்பதில் ஆரம்பித்தார்கள். 1922இல் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் தங்கியிருந்த வீடுகளுக்குள் போய்ப் பேசி, அவர்களுக்கென ஒரு விடுதியும் திறந்தார்கள். அந்தப் பெண்களை ‘மீட்கப்பட வேண்டியவர்கள்’ என்று பார்த்த பார்வையோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் மரியாதைப்பட்ட பெண்கள் அந்தத் தெருவில் கால் வைத்ததே அன்று பெரிய விஷயம்.

சேனையின் விதிகளைப் படித்தபோது அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள் விளங்கின. உறுப்பினர்கள் இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது. சம்பளம் கிடையாது. வாரக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தான் செய்த வேலையை எல்லாருக்கும் கேட்கும்படி வாயால் சொல்ல வேண்டும். செயலர் அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரே பதவியில் ஆறு ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. அமைப்பின் பெயர்கள் பழைய ரோமிலிருந்து எடுத்தவை: பிரசீடியம், கூரியா, கொமித்சியம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா, இந்த லத்தீன் சொற்களை உப்பு, புளி மாதிரி சாதாரணமாகச் சொல்வார். கூட்டத்தில் அறிக்கை தருவது, வரவு செலவு பார்ப்பது, ஒரு கருத்தை மறுத்துப் பேசுவது எல்லாவற்றையும் அவர் பழகிய இடம் அதுதான்.

கோயிலுக்குள் நிலைமை வேறு. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் பொதுநிலையினர் எவரும் கோயிலில் பிரசங்கம் செய்வதைத் தடுத்தது. பீடத்தில் பெண் பணிசெய்யவும் தடை இருந்தது. இன்றும் திருப்பலியில் மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே உரியது. பெண்கள் வாசகம் வாசிப்பது நடைமுறையில் வெகுகாலமாக இருந்தாலும், வாசகர் பணியைச் சட்டப்படி பெண்களுக்குத் திறந்தது 2021 ஜனவரியில்தான். அதாவது, சேனை தொடங்கி நூறு ஆண்டு நிறையும் வருடத்தில். விசுவாசத்தைப் பற்றி மருத்துவமனைக் கட்டிலருகில் அம்மா பேசலாம், பஸ் ஸ்டாப்பில் பேசலாம். தன் பங்குக் கோயிலின் பூசையில் பிரசங்கம் வைக்க முடியாது. சேனைக் கூட்டத்திலும் ஆன்ம இயக்குநராக ஒரு குரு உண்டு.

இதைப் பெண் விடுதலையின் கதையாக மட்டும் சொல்லிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சிறுமியாகச் சில முறை அவர்களோடு போயிருக்கிறேன். பங்களா வாசலில் வாட்ச்மேன் தடுத்துவிடுவார். ஆற்றங்கரைக் குடிசைகளுக்கு கேட்டும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. எனவே யாருடைய தனிமைக்குள் எளிதாக நுழைய முடியுமோ அவர்களிடமே அதிகம் போனார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு சாமி உண்டு, ஒரு வழிபாடு உண்டு என்பதை இவர்கள் எவ்வளவு யோசித்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் நடந்த பேச்சு பெரும்பாலும் வேறு. “உள்ள வாங்கக்கா” என்று பாய் விரிப்பார்கள். குடிக்கிற புருஷன், வராத மாதவிலக்கு, மாமியார் சண்டை என்று கதை ஓடும். கடைசியில் அம்மா, “உனக்காக ஜெபம் பண்ணிக்கட்டுமாம்மா?” என்று கேட்பார். சிலர் தலையாட்டுவார்கள். “வேணாங்க்கா, எனக்கு எங்க ஆத்தா இருக்கா” என்றும் ஒரு பெண் சொல்லியிருக்கிறார். அம்மா சிரித்துவிட்டு, அவர் கொடுத்த டீயைக் குடித்தார்.

அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை ‘பரப்புதல்’ என்ற சொல்லை விவாதித்தபோது, சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதை ஆதரித்துப் பேசினார். 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமையில் மதம் மாற்றும் உரிமை அடங்காது என்றது. 2002 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் சிறாராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவோ இருந்தால் நான்கு ஆண்டு வரை, ஒரு லட்சம் வரை.

அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வயதுவந்த பெண்ணைச் சட்டம் குழந்தையோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. “எங்க ஆத்தா இருக்கா” என்று சொல்லத் தெரிந்த அந்தப் பெண்ணுக்குச் சொந்த புத்தி உண்டு என்று அது நம்பவில்லை. திருச்சபை தட்டுகிறவளின் வாயை நம்பவில்லை. சட்டம் திறக்கிறவளின் காதை நம்பவில்லை. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அரசு அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அம்மா மட்டும் பழைய தெருக்களுக்குத் திரும்பவில்லை. பங்கு வீடுகளோடும் மருத்துவமனையோடும் நிறுத்திக்கொண்டார்.

பங்குகளின் ஜூபிலி மலர்களைப் புரட்டியிருக்கிறேன். பங்குத்தந்தையரின் படங்கள் வரிசையாக இருக்கும். கோபுரம் கட்டிய ஆண்டு இருக்கும். சேனைப் பெண்களுக்கு ஒரு குழுப் படம், கீழே பெயர்கள் இருக்காது. அவர்களுடைய வரலாறு குறிப்பேடுகளில்தான் இருக்கிறது. சந்தித்தவர்களின் கதைகளை வெளியே சொல்லக் கூடாது என்பது சேனையின் விதி என்பதால், அந்தக் குறிப்பேடுகளும் சுருக்கமானவை.

அம்மா செயலராக இருந்தபோது எழுதிய ஒரு நோட்டு என்னிடம் இருக்கிறது. பெரும்பாலான பக்கங்களில் ஒரே மாதிரி வரிகள்: இத்தனை வீடு, இத்தனை நோயாளி, இவ்வளவு நேரம். ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருக்கிறார்: “மூன்று வீடு. இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் அந்த அம்மா ஒரு மணி நேரம் பேசினார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.”