சட்டைப் பையிலே ஒரு துபாஷி

செஞ்சிக் கோட்டை கண்டோம், கொத்தளம் கண்டோம், களஞ்சியமும் கலியாண மகாலும் கண்டு வியந்தோம். 2025-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது நம் கோட்டை, மராத்தியர் கோட்டைகளின் வரிசையிலே! மகிழ்ச்சிதான். ஆனால் இம்மலையடியில் ஏர் பிடித்த உழவன், அரண்மனையிடம் எந்த மொழியிலே முறையிட்டான்? இதை எவரேனும் கேட்டதுண்டா?

நாயக்கர் ஆண்டனர், பீஜப்பூர்ப் படை வந்தது. 1677-இல் சிவாஜி, 1698-இல் மொகலாயர். 1714-இல் தேசிங்கு மாண்டான். ஆற்காட்டு நவாபின் கை ஓங்கிற்று. 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர்! தெலுங்கு, மராத்தி, பாரசீகம், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று கோட்டைக்குள் மொழி மாறிக்கொண்டே இருந்தது. வயலிலோ தமிழே ஒலித்தது. இரண்டுக்கும் நடுவே என்றும் ஒருவன் தேவைப்பட்டான். ஐரோப்பியர் காலத்தில் அவனுக்குத் துபாஷி என்று பெயர்.

புகழ்பெற்ற துபாஷி, புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்கு நாவாகவும் செவியாகவும் இருந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழிலே நாட்குறிப்பு எழுதியவர். அக்காலத்தில் துபாஷிகளுக்கு இருந்த செல்வாக்கின் காரணம் எளிது: இருமொழி அறிந்தவன் சொன்னதே இரு தரப்பாருக்கும் பேச்சு. சரிபார்க்க எவராலும் இயலாது. எனினும் அவன் ஆள். ஊரும் பேரும் உடையவன். தவறினால் கழுத்தில் துண்டைப் போட்டுக் கேட்கலாம்!

இன்றோ, துபாஷி சட்டைப் பைக்கே வந்துவிட்டான். 2011-இல் கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவியிலே தமிழ் சேர்ந்தது. 2022-இல் இந்திய அரசின் பாஷினி வந்தது. அவ்வாண்டு நவம்பரிலே சாட்ஜிபிடி வந்தது. தாலுகா அலுவலக வாயிலில் கூலி கொடுத்து மனு எழுதி வாங்கியவன், இன்று தன் குறையைத் தமிழிலே பேசினால் கருவி மனுவாக்கித் தருகிறது. இதனை இகழ்வோமா? மாட்டோம். எழுத்தறிவை ஒரு சிலர் பூட்டி வைத்திருந்த நாட்டிலே, இது பூட்டை அசைக்கும் கருவி.

ஆயினும் அண்மையில் ஒரு நிகழ்ச்சி. நம் மாணவனொருவனின் தந்தை, பாங்கியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தைக் கைப்பேசியிலே தமிழாக்கிக்கொண்டு வந்தார். முகத்திலே மலர்ச்சி! 'அவுட்ஸ்டாண்டிங்' என்ற சொல்லை, 'தலைசிறந்த தொகை' என்று பெயர்த்திருந்தது கருவி. ஏதோ பாராட்டு என்றே எண்ணிவிட்டார். உண்மையிலே அது, நிலுவையைக் கட்டாவிடில் அடகு நகை ஏலம் போகும் என்ற எச்சரிக்கை! கெடுவுக்கு ஒன்பது நாட்களே இருந்தன.

ஏன் இப்பிழை? கருவி பொருள் உணர்ந்து பேசுவதன்று. தான் கற்ற எழுத்துக் குவியலிலே எச்சொல்லை அடுத்து எச்சொல் வரத்தகும் என்று கணித்துப் பேசுவது. அக்குவியலிலே ஆங்கிலம் கடல், தமிழ் வாய்க்கால். நத்தம், புறம்போக்கு, பட்டா போன்ற நம் ஊர் வழக்குகளிலே அது தடுமாறுகிறது. ஒரே கடிதத்தில் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் அழைக்கிறது. ஆங்கிலத்திலேனும் தவறாதோ எனில், 2023-இல் நியூயார்க்கிலே வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடியை நம்பி, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்திலே மேற்கோள் காட்டினர். 5,000 டாலர் அபராதம்! அங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடிப் பார்த்தார், பொய் வெளிப்பட்டது. நம் உழவருக்காகத் தேடிப் பார்ப்பவர் யார்? கருவி எவருக்கு மிகுதியும் தேவையோ, அவரே அதன் பிழையைக் காண இயலாதவர். அன்று துபாஷியிடம் இருந்த அதே சிக்கல்! அலுவலகமும் பாங்கியும் முதலிலேயே தமிழில் எழுதியிருந்தால் அந்தத் தந்தைக்குக் கருவியே தேவைப்பட்டிராது.

கடிதத்தை வரிவரியாகப் படித்துச் சொன்னோம். மலர்ச்சி மறைந்தது. தவணை கேட்டு மனு எழுத அதே கருவியைத்தான் திறந்தோம். அது எழுதியதில் மூன்று இடங்களைத் திருத்தினோம். கையெழுத்திட்டு, மடித்து, அன்று மாலைப் பேருந்திலேயே அவர் புறப்பட்டார்.