கண்ணகி நகர் என்னும் விலாசம்

எங்கள் ஊர் ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியதும், சென்னையில் குடிசை மாற்று வாரியம் பிறந்ததும் ஒரே ஆண்டில், 1970இல். சிமெண்ட் இருந்தால் வீடு எழும்பிவிடும். அது எந்த இடத்தில் எழும்புகிறது என்பதில்தான் ஏழைப் பெண்ணின் பிழைப்பு இருக்கிறது. வாரியத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்.

'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது வாரியத்தின் முழக்கம். அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதியில் இருப்பவர்களை உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்றது 1971ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஆண்டே சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. மெரினா ஓரத்து நொச்சிக்குப்பத்தில் மீனவக் குடும்பங்களுக்கு இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கிடைத்தன. 1985இல் 17 பகுதிகள் சேர்ந்தன. அதற்குப் பின் பல பத்தாண்டுகள் பட்டியல் வளரவில்லை. குடிசைகள் மட்டும் பெருகின. பட்டியலில் ஏறாதவர்களுக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்று பெயர் வந்தது.

நகருக்குள் மனை விலை ஏற ஏற, கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்தவர்கள் தெற்கே தள்ளப்பட்டார்கள். 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15,656 வீடுகள், பெரும்பாக்கத்தில் 23,864. அங்கே சென்றவர்களில் தலித் குடும்பங்கள் ஏராளம்.

இந்த இடப்பெயர்வின் செலவு முதலில் பெண்ணின் கணக்கில்தான் ஏறியது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் முன்பு நடந்தே போய்வந்தாள். நடுவில் வீட்டுக்கு வந்து உலை வைக்கவும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரவும் முடிந்தது. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போனதும் விடிவதற்குள் பேருந்துக்கு நிற்க வேண்டியதாயிற்று. நாலு வீடு இரண்டாகச் சுருங்கியது. மிஞ்சிய கூலியில் பாதி பயணத்துக்குப் போனது. அவள் உழைப்பு வேண்டும், அவள் அக்கம்பக்கத்தில் இருக்கக் கூடாது: மேட்டுக்குடித் தெருவின் நியாயம் இதுதான்.

2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து கண்ணகி சிலை அகற்றப்பட்டபோது தமிழ்நாடே கொதித்தது. 2006இல் சிலை பழைய இடத்துக்கே திரும்பியது. அதே ஆண்டுகளில் கண்ணகியின் பெயர் கொண்ட நகருக்கு அனுப்பப்பட்ட பெண்கள் திரும்பவில்லை. அவர்களுக்காக அப்படி யாரும் கொதிக்கவுமில்லை.

பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் நிறைந்தபின் அந்தப் பெண்களுக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. ஆனால் விலாசம் குறுக்கே நின்றது. கண்ணகி நகர் என்றதும் வேலையும் கடனும் மறுக்கப்படுவதாக அங்குள்ளவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஒரே இடத்தில் ஏழைகளைக் குவித்துவிட்டு, அந்த இடத்தையே குற்றத்தின் அடையாளமாக்கியது யார்?

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்த்து ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகே அருகில் மாற்று வீடு தருவதாக அறிவிப்பு வந்தது. அருகில் இடம் இருந்திருக்கிறது. அதைக் கொடுக்க ஓர் உயிர் தேவைப்பட்டது.

2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர் மாற்றம் போதாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு எல்லாக் குடிசைப் பகுதிகளுக்கும் வேண்டும். குடும்பத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது அந்த வீட்டுப் பெண்ணின் வேலைத்தலம் எத்தனை தூரம் என்பதே முதல் கேள்வியாக வேண்டும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகாவை ஊரே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்கிறது. மற்றவர்கள் மறைக்க நேர்ந்த விலாசம் அவளுக்கு முன்பெயராகிவிட்டது. ஆனால் தங்கம் வாங்காத பெண்ணுக்கும் அந்த விலாசத்தைச் சொல்லி வேலை கேட்கும் உரிமை உண்டு.