மின்கம்பி எட்டாத வீட்டில் வானொலி



வானொலியின் வரலாறு என்றதும் மார்க்கோனியின் பெயரும், ஒலிபரப்பு நிலையங்களின் உயர்ந்த கோபுரங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. கேட்டவர் வீட்டில் இருந்த பெட்டியை நாம் எண்ணுவதில்லை. பேசுவோன் பேசினால் மட்டும் போதுமா? கேட்போனிடம் கருவி வேண்டாவா? மின்சாரமே எட்டாத ஊரில் அக்கருவி எவ்வாறு இயங்கிற்று? இவ்வினாவுக்கு விடையாக நிற்பவை, பாட்டரியால் இயங்கிய வால்வு வானொலிப் பெட்டிகள்.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழல். அதனுள் இருக்கும் மெல்லிய இழை சூடேறினால்தான் எலெக்ட்ரான்கள் வெளிப்படும். அவற்றை ஈர்க்கும் தகட்டுக்கோ உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். ஆகவே பெட்டி ஒன்றுக்கு இருவகை மின்சாரம் தேவைப்பட்டது. தொடக்கத்தில் இழையைச் சூடேற்ற 2 வோல்ட் ஈயச் சேமக்கலம் பயன்பட்டது. மின்சாரம் தீர்ந்ததும் அதைக் கடைக்குத் தூக்கிச் சென்று மின்னேற்றி வர வேண்டும். 1930-களின் இறுதியில் 1.4 வோல்ட் இழை கொண்ட வால்வுகள் வந்தன. அவற்றுக்குச் சாதாரண உலர்கலமே போதும். 1940-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம், விரலளவு வால்வுகளைக் கொண்டு கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு பெட்டியை வெளியிட்டது.

ஆயினும் தகட்டுக்கு 67.5 அல்லது 90 வோல்ட் வேண்டியிருந்தது. 90 வோல்ட் பாட்டரி என்பது 1.5 வோல்ட் கலங்கள் அறுபதை வரிசையாகக் கோத்த கட்டு. அதன் விலை எளியோர்க்குச் சுமையாகவே இருந்தது.

இச்சுமையை உணர்த்த ஒரு சான்று கூறுகிறேன். இன்று ஜாம்பியா எனப்படும் நாடு அன்று வட ரொடீஷியா என்ற பெயரில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அதன் லுசாகா நகரில் 1941-இல் வானொலி நிலையம் தோன்றியது. பெம்பா, நியாஞ்சா, டோங்கா, லோசி முதலிய மக்கள் மொழிகளில் அது பேசிற்று. ஆனால் சிற்றூர்களில் கேட்கக் கருவி இல்லை. செய்தித் துறை இயக்குநர் ஹாரி பிராங்க்ளின், மலிவான உலர்கலப் பெட்டி ஒன்றைச் செய்து தருமாறு ஆங்கில நாட்டு நிறுவனங்களைப் பல ஆண்டுகள் வேண்டினார். இறுதியில் எவர் ரெடி நிறுவனம் இசைந்தது. சமையல் பாத்திரத்துக்கென இருந்த, ஒன்பது அங்குல அகலமுள்ள வட்டமான அலுமினிய உறையே கூடாயிற்று. அதற்கு நீல வண்ணம் பூசினர். 1949-இல் வந்த இப்பெட்டியைச் 'சாஸ்பான்' வானொலி என்றே அழைத்தனர். முதல் மூன்று மாதங்களில் 1,500 பெட்டிகள் விற்பனையாயின.

பெட்டியின் விலை 5 பவுன். பாட்டரியின் விலை 1 பவுன் 5 ஷில்லிங். பாட்டரி ஏறத்தாழ 300 மணி நேரம் உழைக்கும். கணக்கிட்டுப் பாருங்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்டால் ஐந்து மாதத்தில் பாட்டரி தீரும். நான்கு பாட்டரிகளின் விலை, பெட்டியின் விலைக்கே சமம்! வாங்கும் செலவைவிடக் கேட்கும் செலவே நாளடைவில் பெரிது. 1947-இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்ஸிஸ்டர், 1954-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ரீஜென்ஸி' பெட்டியில் இடம்பெற்று, சில ஆண்டுகளில் வால்வை வென்றதன் காரணம் இப்போது விளங்கும். டிரான்ஸிஸ்டருக்குச் சூடேற்ற இழையும் இல்லை. 90 வோல்ட் தேவையும் இல்லை.

இத்தகைய பெட்டி ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் எவ்வாறு அடையாளம் காண்பது? பின்மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டப்பட்ட தாளைப் படியுங்கள். வால்வுகளின் பெயர்களும் பாட்டரியின் எண்ணும் அதில் இருக்கக்கூடும். மூடியிலோ பெட்டியின் விளிம்பிலோ சுற்றிய கம்பி, அலைகளை வாங்கும் ஏரியல். ஐரோப்பிய வால்வுகளில் 'டி.கே. 91' என்பது போன்ற குறி காணப்படும். முதலெழுத்தாகிய 'டி' இழை 1.4 வோல்ட் வகையைச் சார்ந்தது என்று கூறும். 91 வரிசையில் இதே வால்வின் இழை 50 மில்லி ஆம்பியர் மின்சாரம் உண்டது. பின்னர் வந்த 96 வரிசையில் அது 25 ஆகக் குறைந்தது. பாட்டரிச் செலவைக் குறைக்க அறிஞர் பட்ட பாட்டை இவ்விரு எண்களே காட்டுகின்றன. எனினும், வால்வை யாரேனும் இடையில் மாற்றியிருக்கலாம். ஆகவே ஒரு குறியை மட்டும் நம்பிக் காலத்தை முடிவு செய்யலாகாது. தாளும் வால்வும் கூடும் ஒத்துப் பேசுகின்றனவா என்று பாருங்கள். கல்வெட்டைப் படிப்போனுக்கும் இதுவே முறை.

ஆவலால் உடனே மின்சாரம் இணைத்துவிடாதீர்கள். 90 வோல்ட் இணைப்பு தவறி இழைக்குச் சென்றால் வால்வுகள் நொடியில் கருகும். வீட்டு மின்சாரத்திலும் இயங்கும் வகையாயின், அதன் உலோகச் சட்டத்தைத் தொடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். தேர்ந்தவர் துணையின்றி அதில் கை வைக்க வேண்டாம்.

பல ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். மெருகேற்றுவதாக எண்ணி உள்தாளைக் கிழிப்பதும், தீர்ந்த பாட்டரியின் மேலட்டையை எறிவதும், சான்றை அழிப்பதாகும். பாட்டரி கசிந்திருந்தால் பெட்டியிலிருந்து அகற்றுங்கள். அதன் எண்ணையும் அச்செழுத்துகளையும் முன்னதாக ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி யாரிடம் இருந்தது, எந்த ஊரில் இருந்தது, பாட்டரி எங்கிருந்து வந்தது, யார் யார் கூடிக் கேட்டனர் என்பவற்றை உரியவரிடமே கேட்டுக் குறியுங்கள். பெட்டியை நாளை வேறொருவரும் தேடிப் பெறலாம். அதைக் கேட்டவர்களோ இன்று முதுமை எய்தியுள்ளனர். அவர்களிடம் கேட்கும் காலம் நெடிதன்று.