கைதான் தராசு

‘இடுப்பு வலி’ என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் தொட்டுக் காட்டுவது முதுகின் அடியை. நான் தேடுவதோ, தொடை எலும்பின் உருண்டைத் தலை கிண்ணத்துக்குள் சுழலும் இடத்தை. மல்லாக்கப் படுக்க வைத்து முதுகுக்கு அடியில் கையை நுழைப்பேன். தாராளமாகப் போனால் சந்தேகம். “நல்ல காலை மடக்கி நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்குங்கம்மா” என்பேன். முதுகு மெத்தையில் படியும். அதுவரை சமர்த்தாக நீட்டிக் கிடந்த மற்ற கால் தானாக மேலே எழும். மடங்கியபடியே இறுகிவிட்ட மூட்டை இத்தனை நாள் முதுகு வளைந்து மறைத்திருக்கிறது.

இந்தக் கள்ளத்தனத்தைப் பிடித்தவர் லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ். பரம்பரையாக எலும்புக்கட்டு வைத்தியம் பார்த்த குடும்பம். அப்பாவுக்குப் பட்டம் கிடையாது, மகன் முறையாக மருத்துவம் படித்தவர். இடுப்பு மூட்டைக் காசநோய் அரித்த காலம் அது. 1875இல் தாமஸ் புத்தகம் எழுதியபோது எக்ஸ்ரே வர இன்னும் 20 ஆண்டு இருந்தது.

எக்ஸ்ரே வந்த அதே 1895இல் ஜெர்மனியின் டிரெண்டலென்பர்க், பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியவர்களை ஒற்றைக்காலில் நிற்க வைத்துப் பார்த்தார். தூக்கிய கால் பக்கம் இடுப்பு சரிந்தது. குறை ஊன்றிய காலின் பிட்டத் தசையில்! இன்றும் மாணவர்கள் சரிந்த பக்கத்தையே நோயாளிப் பக்கம் என்று எழுதி வைக்கிறார்கள்.

சரி, தசைக்கு எவ்வளவு பலம்? அதை அளக்கும் அவசரத்தைக் கொண்டுவந்தது போலியோ. பாஸ்டனில் டாக்டர் ராபர்ட் லவெட்டிடம் உதவியாளராக இருந்தவர் வில்ஹெல்மீன் ரைட். பூமி இழுப்பதை எதிர்த்து ஒரு தசையால் அசைய முடிகிறதா, கைகொண்டு தடுத்தாலும் தாங்குகிறதா என்று பார்ப்பது அவர் முறை. 1912இல் கட்டுரையாக எழுதினார். 1914இல் வெர்மான்ட் மாநிலத்தில் போலியோ பரவியபின், லவெட் குழு குழந்தைகளைச் சோதித்தது இந்த வழியில்தான். மார்ட்டின் என்ற உடலியல் அறிஞரோடு சேர்ந்து லவெட் வில்தராசு கட்டி இழுத்தும் பார்த்தார். தராசு வழக்கொழிந்தது, கை நின்றது. தசையின் பலத்துக்கு நாங்கள் எழுதும் 0 முதல் 5 வரையான எண்கள், 1943இல் போரில் நரம்பு அறுபட்டவர்களுக்காக பிரிட்டனில் அச்சானவை.

கையிலும் குறை உண்டு. ஒருக்களித்துப் படுத்துக் காலை மேலே தூக்கச் சொன்னால், பலவீனமானவர் உடம்பை லேசாகப் பின்னால் சாய்த்து, தொடையின் முன்தசையால் தூக்கிவிடுவார். அசந்தால் 2 வாங்க வேண்டிய தசைக்கு 3 போட்டுவிடுவோம். 4க்கும் 5க்கும் உள்ள வித்தியாசமோ சோதிப்பவரின் புஜபலத்தைப் பொறுத்தது. என் கைக்கு 4 என்று பட்ட தசைக்கு, ஒல்லியான பயிற்சி மாணவி 5 போட்டதைப் பார்த்திருக்கிறேன். அவளைக் குறை சொல்ல முடியவில்லை.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல் போலியோ என்று சொன்னவர் லவெட். அதனாலும் அவர் பெயர் நிலைத்தது. என் வகுப்பில் நான் முதலில் சொல்வது ரைட் பெயரை.