சூரியன் திரும்பியாச்சு, பஞ்சாங்கம் இன்னும் திரும்பலை

உத்தராயணம் எப்போ ஆரம்பிக்குதுன்னு யாரைக் கேட்டாலும் தை 1-ன்னுதான் சொல்வாங்க. தினசரி காலண்டர்லயும் அப்படித்தான் போட்டிருக்கும். ஆனா மக்களே, சூரியன் தெற்கே போறதை நிறுத்திட்டு வடக்கே திரும்புறது டிசம்பர் 21 அல்லது 22-ல். நாம பொங்கல் வைக்கும்போது அது நடந்து மூணு வாரத்துக்கு மேல ஆகியிருக்கும்.

எங்கேருந்து வந்தது இந்த இடைவெளி? பம்பரம் சுத்தும்போது அதோட தலை மட்டும் மெதுவா ஒரு வட்டம் போடும் பாருங்க, பூமியின் அச்சும் அதையேதான் செய்யுது. ஒரு வட்டம் முடிக்க சுமார் 26,000 வருஷம். நம்ம மாசங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுபவை. பருவங்களோ அச்சின் சாய்வால் வருபவை. நட்சத்திர வருஷம் பருவ வருஷத்தைவிட 20 நிமிஷம் அதிகம். அவ்வளவுதானேன்னு தோணும். சுமார் 71 வருஷத்துல அது ஒரு முழு நாளாயிடும்!

1863-ல் விவேகானந்தர் பிறந்த ஜனவரி 12 அன்றுதான் மகர சங்கராந்தி. இப்போ 14 அல்லது 15. (இதுல ஒரு நாள், 1900-ம் வருஷம் லீப் வருஷமா இல்லாததால வந்தது.) இப்படியே பின்னால போனால் கி.பி. 3-ம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் ரெண்டும் ஒண்ணா இருந்திருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் வராகமிகிரர். 6-ம் நூற்றாண்டுக்காரர். சூரியன் வடக்கே திரும்புறது அவிட்டத்தின் தொடக்கத்தில்னு பழைய சாஸ்திரங்கள் சொல்லுது, ஆனா இப்போ மகரத்தின் தொடக்கத்தில்னு பிருஹத் சம்ஹிதையில் எழுதிட்டார். அதோட விட்டாரா? வித்தியாசம் தெரிஞ்சா நேர்ல பார்த்துச் சரிபார்த்துக்கோங்கன்னு சொல்லி, சூரியன் உதிக்கிற இடத்தைக் குறிச்சு வைக்கிறது, நிழலை அளக்கிறதுன்னு வழியும் கொடுத்திருக்கார். அவர் பேரைச் சொல்லிக்கிறோம், அவர் சொன்னதைத்தான் செய்யலை.

இது வெறும் கணக்குப் பிரச்சினை இல்லைங்க. எங்க தாத்தா போனது ஒரு ஜனவரி 4-ம் தேதி. "பத்து நாள் தாங்கியிருந்தா உத்தராயணத்துல போயிருப்பாரே, பீஷ்மர் அம்பு மேல படுத்துக்கிட்டே காத்திருந்தாரே"ன்னு பாட்டி கடைசிவரைக்கும் புலம்பினாங்க. தாத்தா கண்ணை மூடினப்போ சூரியன் வடக்கே திரும்பி ரெண்டு வாரம் ஆகியிருந்தது. பாட்டியிடம் அதைச் சொல்ல யாருமே இல்லை. எனக்கே இதெல்லாம் தெரிஞ்சது அவங்க போனதுக்கு அப்புறம்தான்.

மேகநாத் சாஹா தலைமையில் 1952-ல் அமைத்த காலண்டர் சீர்திருத்தக் குழு, பண்டிகைகள் பருவத்தைவிட்டு 23 நாள் விலகிப் போனதை 1955 அறிக்கையில் எடுத்துச் சொன்னது. 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய காலண்டரில் பௌஷ மாசம் பிறப்பது டிசம்பர் 22. அதாவது அரசாங்கக் கணக்குப்படி சூரியன் சரியாத்தான் திரும்புது. அந்தக் காலண்டரை வீட்ல மாட்டியிருக்கிறவங்களைத்தான் நான் இன்னும் பார்க்கலை :-)

பொங்கலை மாத்தணும்னு நான் சொல்லலை. அது அறுவடைத் திருநாள், அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனா டிசம்பர் 21-ஐயும் ஒரு தடவை பாருங்களேன்.

நான் பார்க்கிறது மொட்டை மாடியில். ஒரு மீட்டர் கம்பு, ஒரு சாக்பீஸ், அவ்வளவுதான். உதயம் எத்தனை மணிக்குன்னு பார்த்தா குழம்பிடுவீங்க, ஏன்னா சென்னையில் சூரியன் ஜனவரி கடைசி வாரம் வரை தாமதமாகிட்டேதான் எழும். நிழல் ஏமாத்தாது. டிசம்பர் 21 உச்சி வேளையில், அதாவது 12 மணி 7 நிமிஷ வாக்கில், கம்பின் நிழல் 74 செ.மீ. வருஷத்திலேயே நீளமான உச்சி நிழல் அதுதான். பொங்கலன்னைக்கு சுமார் 68 செ.மீ. உதிக்கிற இடமும் அதுக்குள்ள சூரியனோட அகலத்தைப் போல நாலு மடங்கு வடக்கே நகர்ந்திருக்கும். எதிர் வீட்டுத் தண்ணி டேங்க்கை அடையாளம் வச்சுக்கிட்டாலே தெரியும்.

மேகம் இல்லாம இருக்கணும். சென்னை டிசம்பர்ல அது மட்டும் நம்ம கையில இல்லை.